அம்பிளிக்கை ஆய்வு: ஒரு மருத்துவக் கட்டுரையின் வரலாறு

கொங்கு நாட்டின் தெற்கு ஓரத்தில், ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ள அம்பிளிக்கை காய்கறிச் சந்தைக்கும் பழனிச் சாலைக்கும் பழகிய வட்டாரத்தைச் சேர்ந்தது. புற்றுநோய் ஆய்வாளர்களோ இந்த ஊரை ஒரு கட்டுரையால் அறிவார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை குறித்து 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் ரெங்கசாமி சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணிபுரிந்தபின், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமைக்குச் சென்றவர் அவர்.

ஆய்வுக்கு அடித்தளம் ஏற்கெனவே உள்ளூரில் இடப்பட்டிருந்தது. 1990களின் நடுவில் அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையத்தில், மருத்துவர் ராஜ்குமார் பொறுப்பில், ஒரு புற்றுநோய்ப் பதிவகம் இயங்கத் தொடங்கியது. யாருக்கு எந்த உறுப்பில் நோய் வந்தது, பிழைத்தாரா இறந்தாரா என்று கிராமம் கிராமமாகக் குறித்துவைக்கும் சலிப்பூட்டும் வேலை அது. பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் மிக அதிகமாக இருப்பதை இந்தப் பதிவேடுகளே காட்டிக்கொடுத்தன. இத்தகைய பதிவேடு இல்லாத ஊரில் பரிசோதனை நடத்தலாம். அதனால் சாவு குறைந்ததா என்று மட்டும் சொல்ல முடியாது.

மேலைநாடுகளில் இந்நோயைக் குறைத்தது 'பாப்' சோதனை. அதற்கு ஆய்வகம் வேண்டும், செல்களைப் பார்த்துச் சொல்லும் வல்லுநர் வேண்டும், பெண் மறுபடி மருத்துவமனைக்கு வரவும் வேண்டும். கூலிக்குப் போகும் பெண் மறுபடி வருவது அரிது. மாற்றுமுறையில் செலவு சொற்பம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்புச் சத்தை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாற்றமடைந்த செல்கள் இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் விளக்கு வெளிச்சத்தில் அதைக் கண்டறிந்து, அன்றே குளிர்முறைச் சிகிச்சையால் அந்தத் திசுவை உறையவைத்து அழிக்கலாம்.

இம்முறையைச் சோதிக்க, 2000இல் இவ்வட்டாரத்து ஊர்கள் 114 குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. பாதிக் குழுக்களில் 30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். மறுபாதியில் 30,958 பெண்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 31,343 பேர். கோவை பி.எஸ்.ஜி. மருத்துவ அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் பங்கேற்றன. 2006வரை தொடர்ந்து கவனித்ததில், அழைக்கப்பட்ட பிரிவில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒரு முறை செய்த சோதனையின் விளைவு இது.

இந்த எண்களுக்கு ஒரு நிழலும் உண்டு. ஒப்பீட்டுப் பிரிவில் 92 பெண்கள் இந்நோயால் இறந்தனர். காப்பாற்றும் வழி இருந்தும் சோதனை செய்யாமல் ஒரு பிரிவை விட்டுவைத்தது முறையா என்று மருத்துவ அறநெறி இதழ்களில் பின்னர் கடும் விவாதம் எழுந்தது. ஊரில் அப்போது எந்தச் சோதனையும் கிடைக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பு வாதம். வாதம் உண்மைதான், ஆனால் அது முழு விடையாகாது.

முடிவும் எல்லா இடத்திலும் ஒன்றாக வரவில்லை. சங்கரநாராயணன் குழு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானபோது, வினிகர் முறையால் சாவு குறைந்ததாக உறுதிப்படவில்லை, இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸைக் கண்டறியும் சோதனையே அங்கு தெளிவாகப் பலித்தது. ஒருவர் தம் முந்தைய கட்டுரைக்கு இசையாத முடிவையும் அப்படியே அச்சேற்றுவது, மேற்கோள் எண்ணிக்கையைவிட நம்பிக்கை தரும் சான்று. பார்வைச் சோதனை, பார்ப்பவர் கண்ணையும் பயிற்சியையும் பொறுத்தது. அம்பிளிக்கை முடிவில் அங்குள்ள செவிலியர்களின் திறமைக்கும் பங்குண்டு.

ஆயினும் 2007ஆம் ஆண்டுக் கட்டுரை கொள்கையாக மாறியது. அதே ஆண்டில் தமிழக அரசின் சுகாதாரத் திட்டம் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் வினிகர் முறையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலிலும் இம்முறை இடம்பெற்றது.

அம்பிளிக்கையின் பெயர் இன்னொரு முறையும் ஆய்வேடுகளில் வந்தது. 2009இல் தொடங்கிய எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வின் இந்திய மையங்களில் அதுவும் ஒன்று. வேறொரு தடுப்பூசித் திட்டம் குறித்த சர்ச்சையால் 2010 ஏப்ரலில் ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. பல சிறுமிகளுக்கு ஒரே ஊசியோடு நின்றுபோனது. அவர்களைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான முடிவு, ஒரு தவணையே ஏறத்தாழ மூன்று தவணைக்கு இணையான பாதுகாப்புத் தருவதாகக் காட்டியது. மறு ஆண்டு ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஒற்றைத் தவணைக்கு ஒப்புதல் அளித்தது.