சாக்பீஸ் காசு யார் கணக்கு?

பி.காம். முதல் வருடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம், எந்தச் செலவுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பதுதான். கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். இரண்டு பேரையும் எழுதாவிட்டால் கணக்கு நேராகாது. அப்படி நேராகாத ஒரு கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் சொந்தக் காசில் வாங்கும் சாக்பீஸ், சார்ட், ஸ்கெட்ச் பேனா, துடைப்பம், ஜெராக்ஸ். எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் அரசுப் பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஆனால் இது எப்போது ஆரம்பித்தது, ஏன் இப்படியே இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கொஞ்சம் தேடிப் படித்தேன்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே கணக்கு ரொம்ப எளிது. எழுதுபொருள் மணல், அதற்குப் பிறகு ஓலை. இரண்டுக்கும் பெரிதாகக் காசு இல்லை. வாத்தியாருக்குப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து நெல்லும் காய்கறியும் சில்லறையும் வரும். சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் எல்லா ஜில்லா கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள் என்று தொகை வந்தது. 1826-ல் எழுதிய குறிப்பில், இந்த ஆசிரியர்களுக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, இந்தக் காசுக்குத் தகுதியான ஆள் எப்படி வருவார் என்று மன்றோவே கேட்கிறார். தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய், கலெக்டரேட் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய் மாதச் சம்பளம் தரலாம் என்பது அவர் யோசனை. சம்பளத்தைப் பற்றி அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். பலகைக்கும் ஓலைக்கும் யார் காசு என்பது கேள்வியாகவே எழவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன் :-) தமிழ்த் தாத்தா உ.வே.சா. (1855-ல் பிறந்தவர்) சிறு வயதில் தமிழ் படித்தது பெரும்பாலும் இன்றைய எங்கள் இரண்டு மாவட்டங்களில்தான். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். மகனின் படிப்புக்காக அப்பா வேங்கடசுப்பையர் குடும்பத்தையே ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு இது தெரியும். நான் கவனித்தது வேறு. அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த அந்தக் காலத்தில் பாடப் புத்தகம் என்பது பெரும்பாலும் ஆசிரியர் வீட்டுச் சுவடிதான். வகுப்பறை அவர் வீடு. அதற்கு வாடகை கிடையாது. பிறகு உ.வே.சா. போய்ச் சேர்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ, மாணவர்களுக்குச் சாப்பாடும் போட்டுப் பாடமும் சொல்லி, கடன் தொல்லையோடு வாழ்ந்தவர். குரு சிஷ்ய பாவம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஒரு வீட்டின் வரவு செலவு இருக்கிறது என்பது மறந்துபோகிறது.

அதே காலத்தில் வெள்ளைக்கார அரசாங்கம் உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறை கொண்டுவந்தது. ஆய்வாளர் வருவார், தேர்வு வைப்பார், எத்தனை பிள்ளை தேறியதோ அதற்குத் தக்கபடி மானியம். அதாவது வருடம் முழுக்கப் பள்ளியை நடத்தி முடித்த பிறகுதான் காசு. அதுவரை? நடத்துகிறவர் கையிலிருந்து போட வேண்டும். பிள்ளை தேறாவிட்டால் போட்டது போனதுதான். இந்த முறை பிறகு கைவிடப்பட்டது. ஆனால் 'முதலில் நீ போடு, அப்புறம் பார்க்கலாம்' என்ற பழக்கம் போகவில்லை என்பது என் கருத்து.

காமராஜர் காலத்துக்கு வருவோம். 1956-ல் மதிய உணவு. 1958 முதல் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊர்க்காரர்கள் முன்னால் வைப்பார்கள். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம் என்று ஊர் கூடிக் கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடிகாரம் கொடுக்க ஆள் உண்டு, அதில் கொடுத்தவர் பெயர் எழுதலாம். சாக்பீஸ் டப்பாவில் யார் பெயர் எழுதுவார்கள்? தினமும் தேய்ந்து தீரும் பொருளுக்கு நன்கொடையாளர் கிடைப்பது கஷ்டம்.

1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் 1987-ல் கரும்பலகைத் திட்டம் வந்தது. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைப் பொருள்கள் என்பது இலக்கு. 1990களில் உலக வங்கி உதவியோடு மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம். தமிழ்நாட்டில் அதன் இரண்டாம் கட்டத்தில் சேர்ந்த மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. அப்போது பெரம்பலூர் என்றால் அரியலூரும் சேர்த்துத்தான். (1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனியானது, 2002 மார்ச்சில் மறுபடி சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் பள்ளி ரப்பர் ஸ்டாம்பை யார் காசில் மாற்றினார்களோ!)

இந்தத் திட்டத்தில்தான் என் பார்வையில் முக்கியமான ஒரு விஷயம் நடந்தது. கற்பித்தல் துணைப்பொருள் செய்ய ஆசிரியர் ஒருவருக்கு வருடம் 500 ரூபாய், பள்ளிக்கு 2,000 ரூபாய். பிறகு வந்த அனைவருக்கும் கல்வித் திட்டத்திலும் அதே 500 தொடர்ந்தது. தொகை சின்னதுதான். ஆனால் 'ஆசிரியர் கையிலிருந்து காசு போகிறது' என்பதை அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது போலத்தானே இது?

அந்த 500 எதற்குக் காணும் என்று எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற டீச்சரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். வீட்டுச் செலவு நோட்டு. பால், மளிகை, மருந்து, அதற்கு நடுவே 'பள்ளி' என்று ஒரு வரி. கலர் சாக், ஃபெவிகால், சார்ட், கதவுக்குப் பூட்டு, கேள்வித்தாள் ஜெராக்ஸ், ஒரு பையனுக்குப் பேனா. மாதம் தவறாமல் அந்த வரி இருக்கிறது.

"இதையெல்லாம் கேட்டு வாங்கலையா டீச்சர்?" என்றேன்.

"பில் வேணும் தம்பி. சந்தையில தரையில கடை போட்டிருக்கிறவன் பில் குடுப்பானா? மானியம் வர்றதுக்குள்ள பாதி வருஷம் போயிடும். அதுவரைக்கும் கரும்பலகை சும்மா இருக்குமா?"

இரண்டே வரியில் முழுச் சிக்கலையும் சொல்லிவிட்டார். கணக்குப் பாடத்தில் 'கடன் கொடுத்தோர்' என்று ஒரு தலைப்பு உண்டு. ஒரு நிறுவனத்துக்குப் பொருளை முதலில் கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருப்பவர்கள். டீச்சரின் நோட்டைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தலைப்புதான் ஞாபகம் வந்தது. இவர் நன்கொடை கொடுத்தவர் இல்லை. அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர். ஆனால் அரசாங்கத்தின் எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் ஏறவில்லை. ஏறாத கடனை யார் திருப்பித் தருவார்கள்?

இதற்கிடையில் பாடம் நடத்தும் முறையும் மாறிக்கொண்டே வந்தது. 2007-08 வாக்கில் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. 2022-ல் எண்ணும் எழுத்தும். இரண்டுமே அட்டை, படம், பொம்மை, முகமூடி என்று பொருளை நம்பி நடப்பவை. பிள்ளைகளுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஒரு பகுதி அரசிடமிருந்து வருகிறது, மீதியை வகுப்பறையில் செய்துகொள்ள வேண்டும். செய்வதற்கு அட்டையும் வண்ணமும் கடையில்தான் இருக்கிறது.

"அரசு ஆசிரியருக்கு என்ன குறைச்சல், கை நிறையச் சம்பளம், 500 ரூபாய் போட்டால் குறைந்தா போய்விடுவார்?" இதை நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் அந்தச் சம்பளம் இல்லை. 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டது மாதம் 5,000 ரூபாய்க்கு. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுத்த தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு 7,500 என்று தொடங்கினார்கள். ஓவிய ஆசிரியர் வண்ணம் இல்லாமல் என்ன செய்வார்?

பத்திரிகைகளில் இது எப்படி வருகிறது என்று பாருங்கள். 2017-ல் விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் தன் நகையை விற்று வகுப்பறையை நவீனமாக்கினார். நாடு முழுக்கச் செய்தியானது. 2021-ல் கொரோனா பூட்டலின்போது எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தார். படிக்கும்போது கண் கலங்கத்தான் செய்கிறது. அவர்களைக் கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தச் செய்திகளில் 'தியாகம்' என்ற சொல் வந்ததும், அது யார் செய்ய வேண்டிய செலவு என்ற கேள்வி ஓடிப்போய்விடுகிறது.

அமெரிக்காவில் மட்டும் வேறு மாதிரியா? இல்லை. 2014-15 கல்வியாண்டில் அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் கைக்காசு போட்டார்கள், சராசரி 479 டாலர் என்று அவர்களது அரசுப் புள்ளிவிவர மையமே சொல்கிறது. ஒரு வித்தியாசம், 2002 முதல் வருமான வரிப் படிவத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்கிறது. 250 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம், 2022 முதல் 300. கிடைக்கும் லாபம் சொற்பம். ஆனாலும் கணக்கில் ஏறிவிட்டது, பாருங்கள். நம் வருமான வரிப் படிவத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

இப்போதைய நிலவரம். 2018-ல் பல மானியங்களைச் சேர்த்து ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆக்கினார்கள். பிறகு திருத்திய விகிதப்படி, 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடம் 10,000. 100 வரை 25,000. வேலை நாள் 210 என்று வைத்து வகுத்துப் பார்த்தேன். சின்னப் பள்ளிக்கு நாளுக்கு 48 ரூபாய்கூட வரவில்லை. இதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும், சின்னச் சின்ன ரிப்பேரும் இதிலேதான். 25,000 வாங்கும் பள்ளிக்கு 119 ரூபாய்.

அதுவும் வந்தால். 2024-25-ல் பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத் தகராறில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மேலே இரண்டு அரசுகள் வழக்காடிக்கொண்டிருக்கும்போதும் கீழே காலை ஒன்பது மணிக்கு மணி அடிக்கத்தான் செய்யும்.

2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' 1958-ன் மாநாடுகளை ஞாபகப்படுத்துகிறது. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன, 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கிறது. பெரம்பலூரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும்தான். ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு ஒரு நியாயம், வெங்காயக் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு ஒரு நியாயம் ஆகிவிடக் கூடாது.

டீச்சரின் நோட்டைப் போல உங்கள் வீட்டிலும் பழைய செலவு நோட்டு ஏதாவது இருந்தால், அம்மாவோ அப்பாவோ ஆசிரியராக இருந்தால், 'பள்ளி' என்ற வரியை மட்டும் ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்து எழுதுங்கள். பெயர் வேண்டாம், எந்த வருடம், எவ்வளவு என்று மட்டும் போதும். நான் டீச்சரிடம் 1998 நோட்டைக் கேட்டிருக்கிறேன், பரணில் தேடித் தருகிறேன் என்றிருக்கிறார்.