புற்றுக்கு வார்த்த பால்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் புற்றடிக்குப் பாலும் முட்டையும் கொண்டுபோவது இன்றும் நடக்கிறது. வேப்பமரத்தடியில் ஒரு புற்று, அதன் மேல் மஞ்சள் குங்குமம், பக்கத்தில் நாகாத்தம்மன் பெயரில் ஒரு கல் அல்லது சின்னக் கோயில். இந்தப் படையலைப் பற்றி இரண்டு தரப்பார் பேசுகிறார்கள். பாம்புக்குச் சோறிடும் புண்ணியம் என்கிறது ஒரு தரப்பு. பாம்பு பால் குடிக்காது, எல்லாம் மூடத்தனம் என்கிறது மற்றொன்று. இரண்டும் படையலை ஒரு சாப்பாட்டுக் கணக்காகவே பார்க்கின்றன. இந்தப் பகுதியின் நிலத்தையும் நீரையும் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. புற்றில் வார்த்த பால் எந்தப் பாம்பின் வயிற்றையும் நிரப்பவில்லை. ஆனால் பால் வார்க்கும் இடமென்று ஆனதால் அந்தப் புற்றை யாரும் மண்வெட்டியால் தொடவில்லை. பாம்புக்குக் கிடைத்தது வீடு. சாப்பாட்டை அது நம் வயலில் தானே தேடிக்கொண்டது.

வழக்கம் பழையது என்பதில் ஐயமில்லை. 1792இல் புதுச்சேரிக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தென்னாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய நூலில் இதைக் குறித்திருக்கிறார். பாம்பு இருக்கும் வளைகளை மக்கள் தேடிப் போகிறார்கள், அவை பெரும்பாலும் கறையான் எழுப்பிய மண்மேடுகள், அங்கே பாலும் வாழைப்பழமும் வைக்கிறார்கள் என்பது அவர் தரும் செய்தி. அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1816இல் அச்சானது. பாம்புக்கு வாழைப்பழம் என்பதைக் கவனிக்க வேண்டும். உலகத்தில் பழம் தின்று வாழும் பாம்பு ஒன்றுகூடக் கிடையாது. பாம்பினம் முழுவதும் ஊனுண்ணிகள். சாமிக்கு எதைப் படைப்போமோ அதையே புற்றுக்கும் படைத்தார்கள், அவ்வளவுதான். பாம்பின் பசியை யோசித்து உருவான பட்டியல் இது அல்ல. இன்னும் பின்னால் போனால், புற்றுக்கு நிலக்கணக்கிலேயே ஓர் இடம் இருந்திருக்கிறது. பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானம் செய்த பல்லவர் செப்பேடு புகழ்பெற்றது. அதன் பின் வந்த சோழர் காலத் தானச் செப்பேடுகள், நிலத்தோடு சேர்த்து எவையெல்லாம் கைமாறுகின்றன என்று மரம், கிணறு, குளம் என அடுக்கும்போது புற்றையும் சேர்த்தே எழுதின. புற்று அன்று அப்புறப்படுத்த வேண்டிய மண்மேடு அல்ல. ஊரின் உடைமைகளில் ஒன்று.

இனி பாலுக்கு வருவோம். பால் பாலூட்டிகளின் உணவு. அதிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பாம்பின் குடலில் இல்லை. குடித்தால் வயிறு கெடும்; வலுக்கட்டாயமாக ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். "பாம்பாட்டி தட்டில் பால் வைத்தான், பாம்பு குடித்தது, எங்கள் கண்ணால் பார்த்தோம்" என்பார்கள். பார்த்தது பொய்யல்ல. பல நாள் தண்ணீர் காட்டாமல் கூடையில் அடைத்து வைத்த பாம்பு, முன்னால் வைக்கும் எந்தத் திரவத்திலும் வாய் வைக்கும். அதன் தாகத்தைத்தான் நாம் பக்தி என்று பார்த்துவிட்டு வந்தோம். இன்னொரு பழைய நம்பிக்கை, சாரைப்பாம்பு மாட்டின் பின்னங்காலைச் சுற்றிக்கொண்டு மடியில் பால் குடிக்கும் என்பது. உறிஞ்சுவதற்கு வேண்டிய உதடும் கன்னத் தசையும் பாம்புக்கு இல்லை. உள்நோக்கி வளைந்த ஊசிப் பற்கள் மடியில் பட்டால் மாடு சும்மா நிற்காது. சாரை தொழுவத்துக்கு வருவது உண்மை. வைக்கோலிலும் தவிட்டிலும் எலி இருக்கிறது, அதற்காக வருகிறது. இதே கதை அமெரிக்கப் பண்ணைகளிலும் உண்டு. அங்கே ஒரு பாம்புக்கு 'பால்பாம்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதுவும் எலிக்காகக் கொட்டகைக்குள் நுழையும் பாம்புதான்.

முட்டையைப் பொறுத்தவரை வழக்கத்தின் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நல்ல பாம்பு கோழி முட்டையை முழுதாக விழுங்குவதுண்டு. கூடு நிறைய முட்டை காணாமற்போனதும் கோழி வளர்ப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது அதையே. முட்டையை மட்டுமே தின்று வாழும் பாம்பினங்கள்கூட ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கின்றன. ஆனால் புற்றடியில் வைத்த முட்டை மறுநாள் இல்லை என்பது, பாம்பு தின்றது என்பதற்குச் சான்றாகாது. காகமும் கீரியும் உடும்பும் அதே ஊரில்தான் வாழ்கின்றன. வெளிநாடுகளில் பாம்பை வீட்டில் வளர்ப்பவர்களும் வேறொரு வழியாக இதே கேள்விக்கு வருகிறார்கள்: எலி கொடுக்க மனம் ஒப்பவில்லை, பதிலுக்கு என்ன தரலாம்? பதில் சுருக்கமானது. எலி தின்னும் மலைப்பாம்பு வகைகளுக்குக் கோழிக்குஞ்சோ காடையோ தரலாம். நீர்ப்பாம்பு வகைகளுக்கு மீன் ஆகும், ஆனால் சில மீன்கள் உடலிலுள்ள பி1 வைட்டமினை அழிப்பதால் அவற்றையே நாள்தோறும் தரக்கூடாது. வெறும் கறித்துண்டு போதாது. எலும்பும் ஈரலும் சேர்ந்த முழு உடல்தான் பாம்பின் முழுச் சாப்பாடு. பால், சோறு, காய், பழம் எதுவும் ஆகாது. நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், இங்கே இந்தக் கேள்வி புற்றடியோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் இத்தனை நூற்றாண்டும் இந்தப் பாம்புகளுக்கு யார் உணவிட்டார்கள்? ஏரியும் நெல்லும். பாகூர் ஏரியும் வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரியும் பாய்ந்த வயல்களில் தவளைக்கும் மீனுக்கும் குறைவில்லை. நீர்க்கோலி அதில் வளர்ந்தது. கதிர் முற்றினால் எலி பெருகும், எலி வளைக்குள்ளேயே நெல்லைச் சேர்க்கும். சாரையும் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் அங்கே போயின. கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் மற்றப் பாம்புகளே இரை. புற்று மண்ணுக்குள் வாழும் விரலளவுப் புழுப்பாம்புக்கோ கறையான் முட்டையே விருந்து. நெல் விளைவித்தவர்கள் அறியாமலே பாம்புக்குப் படியளந்தார்கள், பாம்பு எலியைக் குறைத்துப் பதில் செய்தது. இதை நன்றாக அறிந்தவர்கள் இருளர்கள். புகைபோட்டு எலி பிடிப்பதும், வளையைத் தோண்டி எலி சேர்த்த நெல்லை மீட்பதும், தடம் பார்த்துப் பாம்பைச் சொல்வதும் அவர்களின் தொழில். எந்தப் பாம்பு எதைத் தின்னும் என்று அவர்களைக் கேட்டிருந்தால் பால் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர் அவர்களைக் கேட்கவில்லை. பிரெஞ்சு ஆட்சி போய்ப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் புதுச்சேரியில் அவர்களுக்குப் பழங்குடி என்ற அந்தஸ்தே இல்லை. வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் சேர்த்து இருளர் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டது 2016இல்தான். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் அவர்களின் கதை வேறு விதமாகத் திரும்பியது. தோலுக்காகப் பாம்பு பிடித்து வந்தவர்கள், 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தபின், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வடநெம்மேலியில் நஞ்செடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுவது அவர்களின் தொழிலானது. பாம்புக்கடிக்கு நாம் போட்டுக்கொள்ளும் ஊசிமருந்து அந்த நஞ்சிலிருந்து வருகிறது.

இப்போது கைப்பேசிகளில் சுற்றும் ஒரு விளக்கத்தையும் பார்த்துவிடலாம். பெண் பாம்பு வெளியிடும் வாசனையைப் பாலும் முட்டையும் மறைத்துவிடும், ஆண் பாம்பு தேடி வராது, இனப்பெருக்கம் கட்டுப்படும், முன்னோர்கள் அதற்காகவே இதை வைத்தார்கள் என்பது அது. கேட்க அழகாக இருக்கிறது; நிற்கவில்லை. ஆண் பாம்பு, பெண் ஊர்ந்துபோன தடத்தை நாக்கால் தொட்டு, மேலண்ணத்திலுள்ள உறுப்பால் அறிந்து பின்தொடர்கிறது. வயலெங்கும் வரப்பெங்கும் கிடக்கும் அந்தத் தடத்தை ஒரு புற்றின் மேல் ஊற்றிய ஒரு சொம்புப் பால் எப்படி மறைக்கும்? அதைவிட, குழந்தை வரம் கேட்டு நாகத்தை வணங்குகிறவர்கள், அதே நாகத்துக்குக் குட்டி பிறக்காமல் இருக்கத்தான் பால் வார்த்தார்கள் என்பது அந்த வணங்குதலையே தலைகீழாக்குகிறது. பெரியவர்களுக்கு இல்லாத விஞ்ஞானத்தைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டியதில்லை. அவர்கள் அஞ்சினார்கள், வணங்கினார்கள், வணங்கியதை இடிக்காமல் விட்டார்கள். அந்தக் கடைசிச் செயலின் பலனே போதிய அளவு பெரியது.

அந்தப் பலன்தான் இப்போது போகிறது. வயல்கள் மனைகளாகின்றன, மிச்சமிருக்கும் வயலில் எலிமருந்து வைக்கப்படுகிறது. பக்தி குறையவில்லை, கூடியிருக்கிறது என்றே சொல்லலாம். புற்றைச் சுற்றி டைல்ஸ் ஒட்டித் தகரக்கூரை போட்டு, வளைகளைச் சிமெண்டால் பூசி அழகுபடுத்துவதைப் பல ஊர்களில் காண முடிகிறது. பாலும் மஞ்சளும் ஊறிய, வாசல் அடைபட்ட மேட்டில் பாம்பு தங்காது. படையல் மட்டும் மிஞ்சி, அது காத்து வந்த ஒரே நன்மை கைவிடப்படுகிறது என்றால், மூடத்தனம் என்ற குற்றச்சாட்டு இப்போதுதான் உண்மையில் பொருந்தத் தொடங்குகிறது. புற்றுக்கோயில்களை நடத்துகிறவர்கள் அடுத்த ஆடிக்கு முன் இரண்டு காரியம் செய்யலாம்: பாலைக் கிண்ணத்தில் வாங்கிக் கோயிலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுங்கள், புற்றைப் பூசாமல், அதைச் சுற்றியுள்ள புதரோடு அப்படியே விட்டுவிடுங்கள்.