சம்பளப் பட்டியலும் ஒரு குட்டி கால்குலேட்டரும்

1988-ஆம் வருடம் என்று நினைவு. எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக ஒரு பி.சி. எக்ஸ்.டி. கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, தடித்த திரைச்சீலை, ஏ.சி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேர்த்து விறுவிறுத்து வேலை பார்த்த எங்கள் யாருக்கும் ஏ.சி. கிடையாது, அதற்கு மட்டும் உண்டு!

ஒரு மாதக் கடைசி. நூற்றுச் சொச்சம் பேரின் சம்பளப் பட்டியலை அதில் ஏற்றிக்கொண்டிருந்தேன். காலையில் உட்கார்ந்தவன் மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒருவருடைய பி.எஃப். பிடித்தம் இடித்தது. நண்பர் ஒருவர் ஃப்ளாப்பியில் ஒரு குட்டி கால்குலேட்டர் புரோகிராம் கொடுத்திருந்தார். எந்த வேலையில் இருந்தாலும் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரையின் மூலையில் அது எட்டிப்பார்க்கும். அழுத்தினேன், வந்தது. கணக்கும் சரியாயிற்று. பட்டியலுக்குத் திரும்பலாம் என்று விசையைத் தட்டினால் திரை அப்படியே நின்றுவிட்டது. எதை அழுத்தினாலும் அசையவில்லை. கடைசியில் சுவிட்சை அணைத்துப் போட்டேன். மதியத்துக்கு மேல் ஏற்றியதை நான் டிஸ்கில் சேமிக்கவில்லை. எல்லாம் போயிற்று.

"என்ன சார், கம்ப்யூட்டர்ல போட்டா அரை நாள்ல முடிஞ்சுடும்னு சொன்னீங்களே?" என்றார் மேனேஜர். அன்று இரவு பதினோரு மணிக்குத்தான் வீடு திரும்பினேன். மறுநாள் சம்பளத்தை நம்பி மளிகைக் கடையில் தவணை சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த இரவு இன்னும் மறக்கவில்லை.

கால்குலேட்டர் தனி, சம்பளப் பட்டியல் தனி. ஒன்று தடுக்கினால் இன்னொன்று ஏன் விழ வேண்டும்? ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் விடை புரிந்தது. அதைப் படிக்கப் போய் ஒரு நல்ல சரித்திரமும் கிடைத்தது.

ஒரே நேரத்தில் பல வேலை என்பது பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் பழைய விஷயம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961-லேயே கோர்பாட்டோ என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையைச் செய்து காட்டினார்கள். இயந்திரம் ஒருவர் வேலையைக் கண நேரம் பார்க்கும், உடனே அடுத்தவர் வேலைக்குத் தாவும். தாவல் மிக வேகமாக நடப்பதால், இயந்திரம் தனக்கு மட்டுமே சொந்தம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

மேஜைக் கம்ப்யூட்டர் அப்படிப் பிறக்கவில்லை. 1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் மூளை இன்டெல் 8088. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அது எட்டக்கூடிய நினைவகம் மொத்தமே 1 மெகாபைட். அதிலும் திரை முதலிய காரியங்களுக்கு மேல்பகுதியை ஒதுக்கிவிட்டார்கள். மீதி 640 கிலோபைட்தான் புரோகிராம்களுக்கு. மைக்ரோசாஃப்ட்டின் டாஸும் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம் என்ற எண்ணத்திலேயே எழுதப்பட்டது. வேர்ட்ஸ்டாரில் கடிதம் அடிக்கும்போது டிபேஸில் ஒரு விலாசம் பார்க்க வேண்டுமா? கடிதத்தைச் சேமித்து, வெளியே வந்து, டிபேஸை ஏற்றி, பார்த்து, அதை மூடி, மறுபடி வேர்ட்ஸ்டார். அந்த நாட்களில் இருந்தவர்களுக்கு இந்தப் பிரதட்சணம் மறந்திருக்காது.

முதல் குறுக்கு வழி டாஸுக்குள்ளேயே வந்தது. 1983-ல் வந்த டாஸ் 2.0-ல் பிரிண்ட் என்ற கட்டளை இருந்தது. புரோகிராம் முடிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, நினைவகத்தில் தன் இடத்தை மட்டும் காலி செய்யாமல் உட்கார்ந்துகொள்ளும். நாம் வேறு வேலை பார்க்கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிண்டருக்கு எழுத்துகளை அனுப்பும். விருந்து முடிந்தும் திண்ணையை விட்டு எழாத விருந்தாளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த உத்தியைப் பெரிய வியாபாரமாக்கியது 1984-ல் வந்த சைட்கிக். பிலிப் கான் என்பவரின் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்டது. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் குறிப்பேடு, கால்குலேட்டர், நாட்காட்டி எல்லாம் மேலே வந்து நிற்கும். அது மேலே இருக்கும் வரை கீழே உள்ள புரோகிராம் நின்று காத்திருக்கும். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு ஓடியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஜனங்களுக்கு அது பெரிய வரமாக இருந்தது. உடனே ஆளாளுக்கு அதே மாதிரி எழுத ஆரம்பித்தார்கள். என் நண்பர் கொடுத்ததும் அந்த வம்சத்தில் ஒன்றுதான்.

சிக்கல் எங்கே என்றால், இப்படி உட்கார்ந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே வீடு, அறை கிடையாது. யார் வேண்டுமானாலும் யாருடைய இடத்திலும் எழுதலாம், 8088 தடுக்காது. டாஸின் நிலைமையும் அப்படியே. கையில் ஒரே ஒரு சிலேட்டு வைத்திருக்கும் குமாஸ்தா அது. ஒருவர் கணக்கைப் பாதி போட்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே வந்து கேட்டால், முதல் கணக்கை அழித்துவிட்டு இரண்டாவதை எழுதும். பிறகு முதல் ஆளுக்கு என்ன பதில் சொல்லும்? என் சம்பளப் பட்டியலும் அனேகமாக அப்படித்தான் பலியாகியிருக்க வேண்டும்.

1985-ல் பலரும் இதற்கு வழி தேடினார்கள். ஐ.பி.எம்.மின் டாப்வியூ விற்பனைக்கு வந்தது. பல புரோகிராம்களை ஓட்டத்தான் செய்தது, ஆனால் நினைவகத்தில் பெரிய பங்கைத் தானே விழுங்கிவிட்டது, ஓடவில்லை. ஆப்பிளின் மெக்கின்டாஷுக்கு ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் ஸ்விட்ச்சர் எழுதினார். ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் தாவலாம், அவ்வளவுதான். அந்த ஜூலையில் நியூயார்க்கில் கமோடோர் நிறுவனத்தின் அமிகா அறிமுகமானது. வெறும் 256 கிலோபைட் நினைவகத்தில் உண்மையாகவே பல வேலைகளை அது நேரம் பிரித்துக் கவனித்தது. அந்த மையப் பகுதியை எழுதியவர் கார்ல் சாசன்ராத். ஆனால் அங்கும் அறைச்சுவர் இல்லை. ஒரு புரோகிராம் தவறினால் முழு இயந்திரமும் படுத்துவிடும். அப்போது திரையில் சிவப்புக் கட்டம் மினுக்கி "குரு மெடிடேஷன்" என்று செய்தி வரும். குரு தியானத்தில் இருக்கிறார், நாம் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்!

சுவர் கட்டியது ஒரு சில்லு. அதே 1985 அக்டோபரில் இன்டெல் 386-ஐ அறிவித்தது. அதில் ஒரு விசேஷம். ஒவ்வொரு டாஸ் புரோகிராமுக்கும் தனக்கென ஒரு முழு 8086 கம்ப்யூட்டர் இருப்பது போல அது நம்ப வைக்கும். அடுத்த அறைக்குள் கை நீட்டினால் சில்லே தடுத்துவிடும்.

இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் இருந்த குவார்ட்டர்டெக் என்ற சிறிய நிறுவனம். தெரீஸ் மையர்ஸ் என்ற பெண்மணியும் கேரி போப் என்பவரும் தொடங்கியது. அவர்களுடைய டெஸ்க்வியூ 1985-லேயே வந்துவிட்டது. 386-உடன் சேர்ந்த பிறகுதான் அதன் முழு பலம் தெரிந்தது. லோட்டஸ், வேர்ட்ஸ்டார், டிபேஸ் எல்லாவற்றையும் அவற்றில் ஒரு எழுத்தும் மாற்றாமல் தனித்தனி ஜன்னல்களில் ஓட்டியது. ஒன்று நின்றுபோனால் பெரும்பாலும் அந்த ஜன்னலை மட்டும் மூடிவிட்டு மற்றதைத் தொடரலாம். கையில் இருக்கும் புரோகிராமைத் தூக்கிப் போடாதே என்பதுதான் அவர்கள் கொள்கை.

ஆனால் காலம் வேறு பக்கம் போயிற்று. 1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வந்தது. படமும் மவுஸும் ஜனங்களை இழுத்தன. அதற்கென்றே புதிய புரோகிராம்கள் குவிந்தன. விண்டோஸுக்கென எழுதிய புரோகிராம்கள் தாமாக வழிவிட்டால்தான் அடுத்ததற்கு முறை வரும். ஒன்று அடம் பிடித்தால் எல்லாம் நிற்கும். 1995-ல் வந்த விண்டோஸ் 95-தான் புதிய புரோகிராம்களுக்கு முறை வைத்து நேரம் பிரித்துக் கொடுத்தது. குவார்ட்டர்டெக் 1990-களின் இறுதியில் சிமான்டெக் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல வேலைக்காரன் எப்போதும் கடையில் ஜெயிப்பதில்லை என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

பல வேலையை ஒரே நேரத்தில் செய்வது என்றால் வேகம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இரண்டு வேலைகளுக்கு நடுவே நல்ல சுவர் இருப்பதுதான் பெரிய விஷயம் என்று இப்போது தோன்றுகிறது. போன வாரம் என் கைபேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பேத்தி வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் மின்கட்டணம் கட்டப் போனேன், அந்த ஆப் நின்றுவிட்டது. பேத்தியின் பேச்சு நிற்கவில்லை.

"என்ன தாத்தா சிரிக்கறே?" என்றாள். அந்த இரவு பதினோரு மணிக் கதையை அப்புறம் அவளுக்குச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அடிக்கடி சேவ் பண்ணியிருக்கலாமே தாத்தா" என்றாள். அதுவும் சரிதான்.