ஸ்பேர் கெடைக்குமுங்களா?

கொங்கு நாட்டுக்காரரிடம் ஒரு மெஷினை விற்பது சுலபமில்லை. விற்கிறவர் அரை மணி நேரம் அதன் பெருமையைப் பாடலாம். ஜெர்மன் தயாரிப்பு, ஜப்பான் நுட்பம், இவ்வளவு வேகம், அவ்வளவு கரண்ட் மிச்சம். எதிரே இருப்பவர் டீயைக் குடித்தபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி வரும்.

‘அதெல்லாம் சரிங்க. இதுக்கு ஸ்பேர் கெடைக்குமுங்களா?’

அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கினார். அந்தக் காலத்து ஆலை இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. ஒரு பல்சக்கரம் உடைந்தால் அடுத்ததும் கப்பலில்தான் வர வேண்டும். அதுவரை? உள்ளூர்ப் பட்டறைதான் கதி. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியபோது, பட்டறைகளும் கூடவே பெருகின. உடைந்ததை ஒட்டினார்கள். தேய்ந்ததை வார்த்தார்கள். பிறகு முழு மெஷினையே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் தயாரித்துக் காட்டியது இந்த வழியில் வந்த சாதனைதான்.

சரி, இந்த மோட்டார் புராணம் இப்போது எதற்கு?

அதே கேள்வியைக் கம்ப்யூட்டரைப் பார்த்தும் கேட்கலாம் என்பதற்காக. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. அதன் கதாநாயகன், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம்.

டிவி ரிமோட்டைக் கையில் எடுங்கள். முனையில் சின்னதாக ஒரு பல்பு மாதிரி இருக்கும். பட்டனை அழுத்தினால் ஒன்றும் தெரியாது. அதையே உங்கள் செல்போனின் முன்பக்க கேமரா வழியாகப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் வெளிர் ஊதா நிறத்தில் மினுக் மினுக்கென்று மின்னும். நம் கண்ணுக்குத் தப்பியது கேமராவிடம் மாட்டிக்கொள்கிறது. அதுதான் அகச்சிவப்பு.

இதை முதலில் பிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய சங்கீத வாத்தியார். வானத்தைப் பார்க்கும் பைத்தியம் பிடித்து, 1781ல் யுரேனஸ் கிரகத்தையே கண்டுபிடித்தவர். 1800ல் அவருக்கு ஒரு சந்தேகம். வெயிலைக் கண்ணாடிப் பட்டகத்தில் பிரித்தால் வானவில் வருகிறதே, அதில் எந்த நிறத்தில் சூடு அதிகம்? ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பில் சூடு அதிகம். சிவப்பு முடிந்து, நிறமே இல்லாத இடத்தில் வைத்தார். அங்கே இன்னும் அதிகம்! வெளிச்சமே இல்லாத இடத்தில் வெளிச்சத்தின் சூடு.

இதற்கும் டிவி ரிமோட்டுக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 1955ல் அமெரிக்காவின் ஸெனித் கம்பெனி வெளியிட்ட ரிமோட், சாதாரண வெளிச்சத்தை டிவியின் மூலைகளில் பாய்ச்சி வேலை செய்தது. ஜன்னல் வழியே வெயில் அடித்தால் சேனல் தானாக மாறிவிடும்! அடுத்த வருடமே காதுக்குக் கேட்காத ஒலிக்கு மாறினார்கள். 1980களில்தான் அகச்சிவப்பு அந்த நாற்காலியில் நிரந்தரமாக உட்கார்ந்தது. வெயில், டியூப்லைட் எல்லாவற்றிலும் கொஞ்சம் அகச்சிவப்பு கலந்திருக்கும். அவற்றோடு குழம்பாமலிருக்க ஒரு தந்திரம் செய்தார்கள். ரிமோட் தன் விளக்கை நொடிக்குச் சுமார் 38,000 தடவை அணைத்து எரிக்கும். அந்தத் தாளத்தில் வருவதை மட்டும் டிவி காதில் போட்டுக்கொள்ளும்.

நம் ஊரில் 2006 செப்டம்பரில் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியதும், ஹெர்ஷலின் வெளிச்சம் குக்கிராமத்துத் திண்ணை வரை வந்து சேர்ந்தது. பாலிதீன் கவர் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, பேட்டரி தீர்ந்தால் உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி... உங்களுக்குத் தெரியாததா!

டிவிக்கும் ரிமோட்டுக்கும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியும். ஒரே கம்பெனி, ஒரே டப்பா. கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. அங்கேதான் ‘டிரைவர்’ என்பவர் வருகிறார்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுவில் கர்னல் என்று ஒன்று உண்டு. ராணுவக் கர்னல் அல்ல. தேங்காய்க்குள் பருப்பு மாதிரி, உள்ளே இருக்கும் சாரம். கீபோர்டு, மவுஸ், பிரின்டர், கேமரா என்று எது வந்து ஒட்டிக்கொண்டாலும், அதன் பாஷையைக் கர்னலுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். அவர் இல்லையென்றால், லட்ச ரூபாய்ச் சாதனமும் கர்னலைப் பொறுத்தவரை வெறும் செங்கல்.

1991ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த லினக்ஸ் என்கிற கர்னலை எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் அதன் பட்டறைக் கதவு திறந்தே இருக்கிறது. யாரும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அனுப்பலாம். நமக்கு அது அந்நியமும் இல்லை. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைக் கையில் எடுத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர்கள் கைக்கு வந்தது. அவ்வளவு ஏன், உங்கள் பாக்கெட்டில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதற்குள் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான்.

இந்தக் கர்னலை நாமே கட்டிக்கொள்ளலாம். அதற்கு முன் அது ஆயிரக்கணக்கான கேள்விகள் கேட்கும். இந்தச் சாதனம் வேண்டுமா? அந்தச் சாதனம் வேண்டுமா? பெரும்பாலான டிரைவர்களுக்கு மூன்று பதில்கள் உண்டு. ‘ஒய்’ என்றால் வேண்டும், உள்ளேயே வைத்துக் கட்டிவிடு. ‘என்’ என்றால் வேண்டாம். ‘எம்’ என்றால் மாட்யூல்: தனியாக இருக்கட்டும், தேவைப்படும்போது மாட்டிக்கொள்கிறேன். சுவரோடு கட்டிய அலமாரி, அலமாரியே இல்லை, மடக்குக் கட்டில். அவ்வளவுதான் வித்தியாசம்.

1999 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.2ல் அகச்சிவப்பும் இந்தக் கேள்விப் பட்டியலில் இடம்பிடித்திருந்தது. அப்போது அதற்கு ராஜயோகம். 1993லேயே பெரிய கம்பெனிகள் கூடி ‘இர்டா’ என்ற சங்கத்தை அமைத்திருந்தன. லேப்டாப், செல்போன், பிரின்டர் எல்லாம் வயரே இல்லாமல் அகச்சிவப்பில் பேசிக்கொள்ளப் பொதுப் பாஷை ஒன்றையும் வகுத்தன. நோக்கியா 6600 வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் உடம்பில் கறுப்பாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். இரண்டு போன்களை மூக்கோடு மூக்கு வைத்து, கை ஆடாமல் காத்திருந்தால் ஒரு ரிங்டோன் போய்ச் சேரும்.

லினக்ஸுக்கு இர்டா பாஷை கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் நார்வேயின் டிரோம்ஸோ பல்கலைக்கழகத்தில் இருந்த டாக் பிராட்லி. பிறகு ஜான் டூரில் என்பவரும் நெடுநாள் அதைப் பராமரித்தார். வேலை லேசானதல்ல. ஒரு சிக்கலை மட்டும் சொல்கிறேன்.

பல லேப்டாப்களில் அகச்சிவப்புச் சில்லு, பழைய சீரியல் போர்ட் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டுதான் இருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கர்னலின் சீரியல் டிரைவர் முந்திக்கொண்டு வந்து, ‘இது என் இடம்’ என்று உட்கார்ந்துவிடும். டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல. அப்புறம் நிஜமான அகச்சிவப்பு டிரைவர் வந்து நின்றால், ‘சீட் இல்லை’. மெதுவான வேகத்தில், நொடிக்கு 1,15,200 பிட் கணக்கில், வண்டி ஓடும். ஆனால் அந்தச் சில்லால் நொடிக்கு 40 லட்சம் பிட் போக முடியும்! அதற்கு முதலில் ‘செட்சீரியல்’ என்ற கட்டளையால் துண்டை எடுத்துவிட வேண்டும். பிறகு எந்தச் சில்லு, எந்த முகவரி, எந்த இன்டரப்ட் என்று சரியாகச் சொல்லி, மாட்யூலை மாட்ட வேண்டும். ஒரு எண் தப்பினாலும் கப்சிப்.

இர்டா இப்படி வீட்டுக்குள் செல்லப்பிள்ளையாக இருந்த காலத்தில், வாசலில் இன்னொரு பிள்ளை நின்றது. அதன் பெயர் லிர்க். டிவி ரிமோட்டை வைத்துக் கம்ப்யூட்டரை இயக்குவதற்காக ஆர்வலர்கள் 1990களில் எழுதிய டிரைவர் கூட்டம். இதைக் கர்னலுக்குள் சேர்க்கவில்லை. சேர்ப்பது எப்படி என்பதில் ஒத்த கருத்து வரவில்லை.

வெளியே நின்றால் என்ன நஷ்டம்? இங்கேதான் சூட்சுமம். நான் பி.காம். படித்தவன். எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. மெஷின் ஓட ஓடத் தேயும், அதன் மதிப்பை வருடா வருடம் கணக்கில் குறைக்க வேண்டும். சாஃப்ட்வேர் தேயாது. நேற்று எழுதிய வரி நூறு வருடம் கழித்தும் அதே வரிதான். ஆனாலும் அதற்குத் தேய்மானம் உண்டு. அது தேயாமல் இருக்க, அதைச் சுற்றியுள்ள எல்லாம் மாறிக்கொண்டே போகிறது. திருகாணி அப்படியே இருக்கிறது. மரை மாறிவிட்டது.

லினக்ஸ் கர்னலின் உள்கட்டமைப்பு ஓயாமல் மாறும். மாற்றுகிறவருக்கு ஒரு கடமை உண்டு. கர்னலுக்குள் இருக்கும் எல்லா டிரைவர்களையும் அந்த மாற்றத்துக்கு ஏற்ப அவரே திருத்திக் கொடுத்துவிட வேண்டும். கூட்டுக் குடும்பம் மாதிரி. வெளியே இருக்கும் டிரைவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் லிர்க் ஆசாமிகள் ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் ஓடி ஓடித் தங்கள் மரையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் இப்படி! ஒருவழியாக ஜாரட் வில்சன் போன்றவர்களின் முயற்சியால், 2010ல் வந்த 2.6.36ல் லிர்க் வீட்டுக்குள் வந்தது.

அதற்குள் வீட்டுக்குள் இருந்த பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. ப்ளூடூத் வந்துவிட்டது. போனைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், சட்டைப் பைக்குள்ளிருந்தே பேசும். வைஃபை வந்தது. லேப்டாப்களும் போன்களும் அந்தக் கறுப்பு ஜன்னலை ஒவ்வொன்றாக மூடின. உபயோகிப்பவர்கள் குறைந்தார்கள். உபயோகிப்பவர்கள் குறைந்தால் பழுதைச் சொல்வதற்கு ஆள் இல்லை. பழுது தெரியாவிட்டால் திருத்துவதற்கு ஆள் இல்லை. திருத்தப்படாத டிரைவர் என்பது பூட்டாத கொல்லைக்கதவு. திருடன் வர அது போதும்.

2017ல் கிரெக் குரோ-ஹார்ட்மேன், இர்டாவைக் கர்னலின் ‘ஸ்டேஜிங்’ பகுதிக்கு மாற்றினார். இன்னும் தேறாத டிரைவர்கள் பயிற்சி எடுக்கும் திண்ணை அது. வயதானவர்களை வழியனுப்புவதும் அங்கிருந்துதான். கூடவே ஒரு குறிப்பையும் வைத்தார்கள். இது பழையது, பழுதானது, விரைவில் நீக்கப்படும். இங்கே எதையும் திருத்த மெனக்கெட வேண்டாம். வைத்தியர் பத்தியத்தை நிறுத்திவிட்டு, ‘ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்க’ என்று சொல்வாரே, அந்தத் தொனி.

2018 ஜூன் 3 அன்று லினக்ஸ் 4.17 வந்தது. அதில் இர்டா இல்லை. ‘ஒய்’யா, ‘எம்’மா, ‘என்’னா என்று கேட்பதற்குக் கேள்வியே இல்லை.

ஆகஸ்ட் 12 அன்று 4.18 வந்தது. இரண்டே மாத இடைவெளி. அதில் அகச்சிவப்புக்கு ஒரு புது வசதி! ஷான் யங் என்பவரின் கைவண்ணம். இனி புதிய பாஷை பேசும் ரிமோட் வந்தால் கர்னலைப் பிரித்துக் கட்ட வேண்டியதில்லை. அந்தப் பாஷையைப் புரிந்துகொள்ளும் சின்ன நிரலை வெளியிலிருந்தே கர்னலுக்குள் ஏற்றிவிடலாம். பத்து வருடம் வாசலில் நின்ற பிள்ளை குடும்பப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. செல்லப்பிள்ளை போய்விட்டது.

ஒரே வெளிச்சம்தான். ஒரு வழி மூடியது, இன்னொன்று அகலமானது. போட்டியாக வந்த ப்ளூடூத் ஒரு காரணம், சரி. ஆனால் போட்டி ஆளைக் குறைத்தது. ஆள் குறைந்ததுதான் டிரைவரைக் கொன்றது. ரிமோட் பக்கம் ஸ்பேர் செய்யப் பட்டறையில் யாராவது இருந்துகொண்டே இருந்தார்கள்.

ஒரு ஆறுதல். இர்டாவை யாரும் எரித்துவிடவில்லை. லினக்ஸின் பழைய வரிகள் அத்தனையும் சேமிப்பில் இருக்கின்றன. அதைத் தூசி தட்டித் திரும்ப ஓட்ட வேண்டுமென்று நினைத்தால், யார் அனுமதியும் தேவையில்லை. அடைத்துவைத்த சாஃப்ட்வேரில் கம்பெனி கைவிட்டால் கதை முடிந்தது. இங்கே கைவிடப்பட்டது, வார்ப்பட அச்சோடு பரணில் இருக்கிறது.

இது வெறும் பழைய நோக்கியா சமாசாரம் என்று நினைத்தால், மதுக்கரை வரை போய்வாருங்கள். கேரளத்துக்குப் போகும் ரயில் பாதை அங்கே காட்டுக்குள் ஓடுகிறது. 2021 நவம்பரில் ஒரு ராத்திரி, நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. அதன்பின் வனத்துறை தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள் நட்டு, வெப்பத்தைக் காணும் கேமராக்களையும் பொருத்தியது. 2024 பிப்ரவரியில் அந்த அமைப்பு தொடங்கி வைக்கப்பட்டது. கும்மிருட்டில் யானையின் உடம்புச் சூடு அகச்சிவப்பாகக் கிளம்புகிறது. கேமரா பார்க்கிறது, கம்ப்யூட்டர் அது யானை என்று கண்டுபிடிக்கிறது, தகவல் பறக்கிறது, ரயில் மெதுவாகிறது. ஹெர்ஷலின் தெர்மாமீட்டர் யானைக்குக் காவல் நிற்கிறது.

இப்படிப்பட்ட எந்தக் கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே, பெயர் தெரியாத ஒரு டிரைவர் உட்கார்ந்திருக்கும். இன்று அது புதுசு. கர்னல் மாறும், சில்லு மாறும், விற்றவர் வேறு தொழிலுக்குப் போவார். கோபுரம் இரும்பு, நின்றுகொண்டே இருக்கும். அன்றைக்கும் அந்த நடுவில் இருப்பவரைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அதற்குச் சம்பளம் வேண்டும், பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும். வாங்கும் செலவுக்கு டெண்டர் உண்டு, திறப்பு விழா உண்டு. பராமரிப்புக்கு நம் ஊரில் யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

அதனால்தான், டீயைக் குடித்து முடித்துவிட்டு கொங்கு நாட்டுப் பெரியவர் கேட்கும் கேள்வியை அரசாங்க ஆபீஸ்களிலும் யாராவது கேட்டால் தேவலை. யானைக்கு அது கேட்கத் தெரியாது.