தஞ்சோங் பகார் நிலையம்

சிங்கப்பூர்த் துறைமுகத்தின் அருகே அமைந்த தஞ்சோங் பகார் புகைவண்டி நிலையம், 1932ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஆளுநர் சர் செசில் கிளமெண்டியால் திறந்து வைக்கப்பட்டது. வேளாண்மை, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்கு உருவங்கள் அதன் முகப்பை அணிசெய்தன. தீபகற்பத்தின் ரப்பரையும் ஈயத்தையும் கடலோடு இணைத்த இருப்புப் பாதையின் தென்கோடி அது.

பிரிட்டிஷ் ஆட்சியில் எழுந்த அந்நிலையம், 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபின் விந்தையானதொரு நிலையை எய்தியது. கட்டடம் நின்றது சிங்கப்பூரில். அதனை நடத்தியதோ மலாயா இரயில்வே. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்சுக்கு மாற்றியது. மலேசியச் சோதனை பழைய இடத்திலேயே நீடித்தது. ஆகவே, வடக்கே சென்ற பயணி சிங்கப்பூரை விட்டு நீங்குமுன்பே மலேசியாவினுள் நுழைய அனுமதி பெற்றார்!

1990இல் தொடங்கிய உடன்பாட்டு முயற்சி 2010இல்தான் கனிந்தது. 2011 ஜூன் 30ஆம் நாளிரவு, ஜொகூர் சுல்தான் இப்ராகிம் கடைசி வண்டியை ஓட்டிச் சென்றார். தேசிய நினைவுச் சின்னமாகக் கட்டடம் காக்கப்பட்டது.

எல்லைக்கோடு ஒரே நாளில் தோன்றியது; இருப்புப் பாதை பிணைத்த கணக்கைத் தீர்க்கவோ 46 ஆண்டுகள் வேண்டியிருந்தன.