கையில் தரலாகாத கொடை

நேயர்களே, நம்மவர் வீடுகளில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நேரே கொடுக்கலாகாது என்று பெரியவர்கள் விலக்கிவைத்த பொருள்கள் சில உண்டு. உப்பு அவற்றுள் ஒன்று. சுண்ணாம்பு மற்றொன்று. மூன்றாவது கத்தி. அயல்வீட்டுக்காரி தேங்காய் உடைக்கக் கத்தி கேட்டு வந்தால் அதைத் திண்ணையிலோ படியிலோ வைப்பார்கள். வந்தவர் குனிந்து எடுத்துக்கொள்வார். நேரே கொடுத்தால் இருவருக்கும் பகை வரும் என்பது நம்பிக்கை. இரவல் கொடுக்கும் கத்திக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், அன்பளிப்பாகக் கொடுக்கும் கத்தியின் நிலை என்ன?

இந்தக் கேள்வி என்னிடம் ஒரு மாணவன் உருவில் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நவராத்திரி நாளொன்றில், கல்லூரியில் வாணிவிழா முடிந்து சுண்டலும் அவலும் பங்கிட்டுக்கொண்டிருந்த வேளையில், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். பழைய மாணவன். தந்தையாரின் கொல்லுப்பட்டறையை இப்போது அவனே நடத்துகிறான். கடதாசியில் சுற்றிய பொருளொன்றை மேசைமேல் வைத்தான். "சேர், கையிலே தரக்கூடாது என்று அம்மா சொன்னவ. வைத்திருக்கிறேன், எடுங்கள்" என்றான். பிரித்துப் பார்த்தேன். நான்கு அங்குல அலகும் கறுத்த மரப்பிடியும் கொண்ட சிறு கத்தி. அவனே காய்ச்சி, அடித்து, தீட்டிய கத்தி.

அதை எடுக்க என் கை உடனே நீளவில்லை. தயக்கத்துக்குக் காரணம் சாத்திரம் மட்டுமல்ல. அந்தக் காரணத்தைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன், கத்தி கொடையாக வந்தபோதெல்லாம் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று சற்றுப் பார்ப்போம்.

கத்தி உறவை அறுக்கும் என்ற அச்சம் நமக்கு மட்டுமே உரியதன்று. ஆங்கிலேயரிடையும் அது உண்டு. கத்தியைப் பரிசாகப் பெறுபவர் ஒரு சிறு நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நாணயம் கைமாறியதும் கொடை விற்பனையாகிவிடுகிறது. விலைக்கு வாங்கிய கத்தி நட்பை வெட்டாது என்பது அவர்கள் கணக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் புகழ்பெற்ற பாடசாலை ஒன்றின் தலைமை ஆசிரியராக இருந்த சாமுவேல் பிசப் என்பார் தம் மனைவிக்கு ஒரு கத்தியைப் பரிசளித்து, அதனுடன் ஒரு கவிதையும் எழுதினார். கத்தி வெட்டுவது மேலோட்டமான அன்பைத்தான், உண்மை அன்பை அன்று என்பது அதன் சாரம். ஆசிரியத் தொழிலில் இருந்தவர் அல்லவா, மூடநம்பிக்கைக்கும் ஒரு பாடம் நடத்தியிருக்கிறார்!

நம் வழக்கத்தையும் அவர்கள் வழக்கத்தையும் ஒப்புநோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். நாம் கத்தியைக் கீழே வைத்து எடுக்கச் சொல்கிறோம். அவர்கள் காசு கொடுக்கச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரு கருத்தையே சுட்டுகின்றன. கத்தியை வாளா ஏற்கலாகாது. பெறுபவரும் ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும். அவர் தாமாகக் குனிந்து எடுக்க வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும். அலகின் பொறுப்பை அவர் அறிந்தே ஏற்கிறார் என்பதற்கு அது சாட்சி.

நிற்க, அரச வரலாற்றுக்கு வருவோம். நமது முன்னேஸ்வரத்துக்கும் அரசர் கொடைக்கும் உள்ள தொடர்பு நீண்டது. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தலத்துக்கு நிலம் வழங்கியதைக் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. போர்த்துக்கேயர் 1578 இல் கோயிலை அழித்தனர். கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 1753 இல், அது மீண்டும் எழுந்தது. சைவக் கோயிலுக்கு நிலமும் திருப்பணியும் வழங்கிய கண்டி அரசமரபு, தன் பிரதானிகளுக்கு வழங்கிய சிறப்புப் பொருள்களுள் ஒன்று கத்தி என்பது பலர் அறியாத செய்தி.

சிங்களத்தில் 'பிஹிய' எனப்படும் அந்தக் கத்தி சமையலறைக் கத்தியன்று. உருக்கு அலகின் அடிப்பகுதியிலும் முதுகிலும் வெள்ளியும் பித்தளையும் பதித்துக் கொடிவேலை செய்திருப்பார்கள். பிடி யானைத் தந்தத்தாலோ கொம்பாலோ அமைந்திருக்கும். 'பட்டல் ஹத்தர' என்று பெயர்பெற்ற அரசாங்கப் பட்டறைகள் நான்கில் தலைசிறந்த கம்மியர்கள் இத்தகைய வேலைகளைச் செய்தனர். அவற்றுள் ஒன்றுக்குப் பொன்வாளின் பெயரே அமைந்திருந்தது. 'பட்டல' என்ற அச்சொல் நமது 'பட்டறை'யோடு ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்பதை மொழி ஆர்வலர்கள் கவனிக்கலாம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாயிருந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில், மேன்மக்கள் மார்புப்புறத்தில் கத்தி செருகியிருந்ததையும் பக்கத்தில் வேலைப்பாடு மிக்க குறுவாள் அணிந்திருந்ததையும் குறித்துள்ளார். கத்தி அங்கே ஆயுதம் என்பதிலும் அணி என்பதே பொருந்தும். அரசன் கையால் அதைப் பெற்றவன் பதவியையும் சேர்த்தே பெற்றான். அவனுடைய கடமை அந்த அலகிலே தொங்கியது. 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் அந்தப் பட்டறைகள் அரச ஆதரவை இழந்தன. கம்மியர் வேறு தொழில் தேடினர். எஞ்சிய கலையை ஆராய்ந்து ஆனந்த குமாரசுவாமி 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர் சிங்களக் கம்மியனின் புகழை உலகறியச் செய்தமை நம் நாட்டு வரலாற்றின் இனிய பக்கங்களுள் ஒன்று.

அக்கத்திகளின் உறைகளைப் பார்த்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். சில உறைகளில் கத்திக்குப் பக்கத்திலேயே எழுத்தாணிக்கும் இடம் அமைந்திருக்கும். ஒரே உறையில் அலகும் எழுத்தும்! இதைக் கண்டு தமிழன் வியக்க வேண்டியதில்லை. நமது வாரெழுத்தாணியின் ஒரு முனை எழுத, மறுமுனை ஏட்டின் ஓரத்தை வார. மடக்கெழுத்தாணியிலோ எழுத்தாணியும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கிக் கிடக்கும். பனையோலையை அளவாக நறுக்கக் கத்தி வேண்டும். நறுக்கிய ஓலையில் எழுத எழுத்தாணி வேண்டும். ஏட்டுச்சுவடிக் காலத்தில் கத்தியில்லாமல் கல்வியில்லை. யாழ்ப்பாணத்தில் பனையோலை வாரும் சத்தகமும், மலையகத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியும், நம் கரையோரத்தில் பாளை சீவும் கத்தியும் ஆயுத பூசையன்று ஏடுகளோடு சேர்ந்து கலைமகள் முன்னிலையில் இடம்பெறுவதன் பொருளும் இதுவே.

இனி இலக்கியம். தமிழில் ஆயுதத்தைக் கொடையாகப் பெற்ற புலவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெருந்தலைச் சாத்தனார். கொடுத்தவன் முதிரமலைக்குரிய குமணன். தம்பி இளங்குமணன் நாட்டைப் பறித்துக்கொள்ள, அண்ணன் காட்டில் ஒதுங்கி வாழ்கிறான். வறுமையால் வாடிய புலவர் அங்கும் தேடிச் செல்கிறார். கொடுப்பதற்குக் குமணனிடம் ஒன்றுமில்லை. தன் தலையை வெட்டிக்கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்துப் பொருள் பெறுமாறு வாளைப் புலவரிடம் நீட்டுகிறான். தலைக்குத் தம்பி விலை வைத்திருந்தான் என்று வழிவழிக் கதை சொல்லும். புறநானூற்றின் நூற்று அறுபத்தைந்தாம் பாட்டு இந்நிகழ்ச்சியின் மேல் எழுந்தது.

நேயர்களே, புலவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். வாளை மறுத்தால் வள்ளலின் கொடையை மறுத்ததாகும். பாடி வந்தவன் வெறுங்கையோடு போகப் பார்த்திருப்பது நாடிழந்ததைவிடக் கொடிது என்று கருதியவன் அவன். ஏற்று அவன் சொன்னபடி செய்தால் உலகம் பழிக்கும். சாத்தனார் மூன்றாவது வழியொன்றைக் கண்டார். வாளை ஏற்றார், வெட்டவில்லை. அதை எடுத்துக்கொண்டு நேரே இளங்குமணனிடம் சென்று காட்டிப் பாடினார். வெட்டக் கொடுத்த வாள் தூது சொல்லும் பொருளாயிற்று. பிரிந்துகிடந்த உடன்பிறப்புகளுக்கிடையே ஒரு புலவனின் சொல் சென்று நிற்க அந்த வாளே வழியமைத்தது. ஆயுதக் கொடையை ஏற்பது எவ்வாறு என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் அறியேன். அலகு என்ன செய்யவேண்டும் என்பதைக் கொடுத்தவன் மட்டும் தீர்மானிப்பதில்லை, பெற்றவனும் தீர்மானிக்கிறான்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றை அச்சேற்றும்வரை குமணன் வரலாறு ஓலையிலே வாழ்ந்தது. தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் கத்தியால் ஓலை வாரி, எழுத்தாணியால் படியெடுத்துக் காத்திராவிட்டால், அந்த வாளும் நமக்கில்லை. அந்தப் பாட்டும் நமக்கில்லை.

தெய்வமும் கத்தியைக் கொடையாகப் பெறுகிறது. தமிழகத்தில் கருப்பசாமி கோயில்களில் நேர்த்தி வைத்தவர்கள் அரிவாள் செய்து கொண்டுவந்து நாட்டுவார்கள். சிவகங்கைச் சீமையிலே திருப்பாச்சேத்தி அரிவாள் பெயர்பெற்றது. காவல் தெய்வத்தின் முன் நட்ட அரிவாள் எதையும் வெட்டுவதில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று காவலைக் குறிக்கிறது. நம் முன்னேஸ்வரச் சூழலிலே பத்திரகாளி கோயிலில் நேர்த்திக்கடனாக ஆடும் கோழியும் பலியிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2011 இல் அது பெருஞ்சர்ச்சையாகித் தடுக்கப்பட்டு, பின்னர் நீதிமன்றம் வரை சென்றது. ஒருசாரார் சீவகாருணியத்தை நினைத்தனர். மற்றொரு சாரார் தலைமுறை தலைமுறையாகச் செலுத்திவந்த கடனை நினைத்தனர். அந்த வாதத்தினுள் இப்போது நான் புகவில்லை. ஒன்றுமட்டும் சொல்வேன். கத்தியை உயர்த்துவதா தாழ்த்துவதா என்ற கேள்வி இவ்வூரில் ஏட்டுக் கேள்வியன்று. தேர்த் திருவிழாவுக்கு வரும் தமிழரும் சிங்களவரும் கூடிநின்று எதிர்கொண்ட கேள்வி.

இப்போது என் மேசைமேல் இருந்த கத்திக்குத் திரும்புகிறேன்.

அந்த மாணவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் கட்டுரைக் கொப்பியை வெறுமையாகக் கொண்டுவந்தான். முதல்நாள் இரவெல்லாம் தந்தையாருக்குத் துருத்தி ஊதிக் கொடுத்திருக்கிறான். நான் அதை விசாரிக்கவில்லை. "இரும்படிக்கப் பிறந்தவனுக்கு எழுத்து எதற்கு?" என்று முழு வகுப்பும் கேட்கச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த தவணை அவன் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக் கஷ்டமே காரணம் என்று பிறகு அறிந்தேன். ஆயினும் அந்த ஒரு வசனம் அவன் காலைப் பட்டறைப் பக்கம் தள்ளியிருக்குமோ என்ற ஐயம் என்னை விட்டு நீங்கியதில்லை. கத்தி உறவை வெட்டும் என்று பயப்படுகிறோம். நாவால் வெட்டிவிட்டு மறந்துபோகிறோம்.

எனவே அன்று என் கை தயங்கிற்று. இவன் எதை நினைவூட்ட வந்திருக்கிறான்? "இதை எதற்கடா எனக்கு?" என்று கேட்டேன்.

"பென்சில் சீவத்தான், சேர். நீங்கள் எங்களுக்கு பிளேட்டால் சீவித் தந்து ஒருநாள் விரலை வெட்டிக்கொண்டீர்கள்" என்றான்.

அவனுக்கு நினைவிருந்தது அதுதான். அல்லது, நினைவில் வைத்துக்கொள்ள அவன் தெரிந்தெடுத்தது அதைத்தான். எதுவென்று நான் கேட்கவில்லை. "அன்றைக்கு வகுப்பிலே நான் சொன்ன வார்த்தை பிழை, தம்பி" என்றேன். அவன் தலையைக் குனிந்து மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அது போகட்டும், சேர்" என்று மெல்லச் சொன்னான்.

கத்தியை நானே எடுத்தேன். சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய்க் குற்றியொன்றை எடுத்து நீட்டினேன். சேரிடம் காசு வாங்குவதா என்று அவன் பின்வாங்கினான். ஆங்கிலேயர் வழக்கத்தை விளக்கிச் சொன்னபிறகு சிரித்துக்கொண்டு வாங்கினான். காசை மட்டும் நேரே கையிலே வாங்கினான், அதற்குத் தடையில்லையே!

அந்தக் கத்தி இன்றும் என் மேசை இழுப்பறையில், சிவப்பு மைப் பேனைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மாணவரின் பென்சில்களை அதனாலேயே சீவிக் கொடுக்கிறேன். கொப்பிகளைத் திருத்தச் சிவப்புப் பேனையை எடுக்கும்போது கை முதலில் கத்தியில் படும். அப்போதெல்லாம், எழுதப் போகும் குறிப்பை ஒருமுறை மனத்துக்குள் படித்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.