தெருவோரத்தை ஒத்திக்கு விட்ட நகரம்

2008 டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை. சிகாகோ மேயர் ரிச்சர்ட் எம். டேலி ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தார். நகரத் தெருக்களில் மீட்டர் பொருத்தப்பட்ட சுமார் 36,000 வாகன நிறுத்த இடங்களின் வருவாயை 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைப்பது. அதற்கு ஈடாக 115 கோடி டாலருக்குச் சற்றுக் கூடுதலான தொகையை ஒரே தவணையில் பெற்றுக்கொள்வது. வியாழக்கிழமையன்று நகர மன்றம் 40க்கு 5 என்ற வாக்குக் கணக்கில் ஒப்புதல் அளித்துவிட்டது. 75 ஆண்டுகளைக் கட்டிப்போடும் ஆவணத்தைப் படிக்க மன்ற உறுப்பினர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு நாள்.

இந்நிகழ்வு நகராட்சி நிதி பற்றிய வகுப்பறைகளில் 'மலிவாக விற்ற கதை'யாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மலிவாக விற்றது உண்மைதான். ஆயினும் என்ன விலைக்குப் போனது என்ற கேள்வியைவிட என்ன பொருள் கைமாறியது என்ற கேள்வி முந்தியது. அதற்கு விடை காண, மீட்டர் பிறந்த ஊருக்குச் செல்ல வேண்டும்.

1930களின் தொடக்கத்தில் ஓக்லஹோமா சிட்டியின் கடைத்தெரு வணிகர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அலுவலகங்களில் வேலை பார்ப்போர் காலையிலேயே வந்து கடை வாசலில் காரை நிறுத்திவிடுவர். மாலைவரை அது நகராது. பொருள் வாங்க வருவோருக்கு இடம் கிடைக்காது. நகர வணிகக் கழகத்தின் போக்குவரத்துக் குழுவுக்குத் தலைமை வகித்த கார்ல் மகீ என்ற பத்திரிகையாளர், காசு போட்டால் நேரத்தை அளந்து காட்டும் கருவி ஒன்றைக் கற்பனை செய்தார். பொறியியல் பேராசிரியர் ஒருவரும் அவருடைய முன்னாள் மாணவரும் அதற்கு உருக்கொடுத்தனர். 1935 ஜூலை 16 அன்று முதல் மீட்டர் நடப்பட்டது. கட்டணம் மணிக்கு 5 சென்ட்.

காரை நகர்த்தச் செய்வதே அந்த 5 சென்ட்டின் வேலை. இந்த நோக்கம் வெறும் வரலாற்றுத் துணுக்கு அன்று. சட்டத்தில் மீட்டர் நிற்பதற்கான காலே இதுதான். பொதுத் தெருவைப் பயன்படுத்தக் குடிமகனிடம் வாடகை கேட்கலாமா என்ற வழக்கு உடனே எழுந்தது. நெரிசலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நகரத்துக்கு உண்டு, அந்த ஒழுங்குமுறைக்கு ஆகும் செலவைக் கட்டணமாக வாங்கலாம் என்ற தருக்கத்தில் 1937இல் ஓக்லஹோமா நீதிமன்றம் மீட்டரை ஏற்றது. அதே ஆண்டில் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் பர்மிங்காம் நகரத்தின் மீட்டர்களைச் செல்லாது என்றது. பிற மாநிலங்களில் நடந்த வாதங்களும் ஏறத்தாழ இந்த ஒரே கோட்டில்தான் ஓடின: ஒழுங்குமுறை எனில் செல்லும், வருவாய்க்கான சூழ்ச்சி எனில் செல்லாது. காலப்போக்கில் மீட்டர் எங்கும் பரவிற்று, வருவாயும் பெருகிற்று, தருக்கம் மறக்கப்பட்டது.

2000களில் டேலியின் நிர்வாகம் நகரச் சொத்துகளைப் பணமாக்கும் வழியில் ஏற்கெனவே நெடுந்தூரம் சென்றிருந்தது. 2005இல் ஸ்கைவே என்ற சுங்கச் சாலை 183 கோடி டாலருக்கு 99 ஆண்டுகளுக்குப் போயிற்று. 2006இல் நகர மையத்தின் நிலத்தடி வாகன நிறுத்தகங்கள் 56 கோடி 30 லட்சத்துக்கு, அதுவும் 99 ஆண்டுகளுக்கு. (பிற்பாடு அவற்றுக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிறுத்தகத்தைப் பொதுமக்களுக்குத் திறக்க நகரம் அனுமதி அளித்தது, போட்டியை உண்டாக்கிவிட்டதாகக் குத்தகைதாரர் நடுவர் மன்றம் சென்றார், நகரம் 5 கோடி டாலருக்கும் மேலாக இழப்பீடு தர நேர்ந்தது.) 2008இல் நிதி நெருக்கடி வந்தது. வரியை உயர்த்த மன்றத்துக்கு மனமில்லை. மீட்டர் கட்டணமோ பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் நெடுங்காலமாக மணிக்கு 25 சென்ட்டிலேயே கிடந்தது. மொத்த ஆண்டு வருவாய் 2 கோடி டாலருக்குச் சற்று மேல்.

வாங்கிய நிறுவனத்தின் பெயர் சிகாகோ பார்க்கிங் மீட்டர்ஸ். அதன் பின்னே நின்றோர் மோர்கன் ஸ்டான்லி வங்கியின் முதலீட்டு நிதிகள், ஜெர்மனியின் அலையன்ஸ், அபுதாபி அரசின் முதலீட்டு அமைப்பு. ஒப்பந்தத்திலேயே கட்டண உயர்வும் எழுதப்பட்டிருந்தது. நகர மையமான லூப் பகுதியில் மணிக்கு 3 டாலராக இருந்தது 2013க்குள் 6.50 ஆகும், குடியிருப்புப் பகுதிகளில் 25 சென்ட், 2 டாலராகும். ஞாயிறும் விடுமுறை நாளும் இனி இலவசம் இல்லை.

இந்த ஏற்பாட்டை எந்தச் சொல்லால் குறிப்பது? ஆங்கில ஆவணங்கள் 'லீஸ்' என்றும் 'கன்செஷன்' என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. இதழ்கள் 'விற்பனை' என்றன, 'தனியார்மயம்' என்றன. வேளாண் தமிழில் இதற்கு இன்னும் துல்லியமான சொற்கள் உள்ளன. உடையவர் நிலத்தைத் தாமே பயிர்செய்து, ஆளுக்குக் கூலி கொடுக்கலாம். விளைந்ததில் பங்கு என்று வாரத்துக்கு விடலாம். விளைந்தாலும் பொய்த்தாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று குத்தகைக்கு விடலாம். கையில் மொத்தமாகப் பணம் வேண்டுமெனில் ஒத்திக்கு விடலாம்.

நகரங்கள் வாகன நிறுத்தத்தை ஒப்பந்ததாரரிடம் விடும் முறைகள் அனைத்தும் இந்த நான்கனுள் அடங்கும். மேலாண்மைக் கட்டணம் மட்டும் கொடுத்து, வசூல் முழுவதையும் கருவூலத்தில் சேர்ப்பது கூலி. வசூலில் விழுக்காடு பிரிப்பது வாரம். இந்திய உள்ளாட்சிகள் சந்தையையும் வண்டி நிறுத்தத்தையும் ஏலத்தில் விடுவது குத்தகை. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை மீட்க அவசரப்படுவார் என்பதும், ரசீதில் உள்ள தொகைக்கும் கையில் வாங்கும் தொகைக்கும் இடைவெளி விழும் என்பதும் இந்திய வாசகருக்குப் புதிதல்ல.

சிகாகோ செய்தது ஒத்தி. பணம் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக விளைச்சலை அனுபவிப்பார். நகர்ப்புறத் தமிழில் வீட்டைப் போக்கியத்துக்கு விடுவதை 'லீஸுக்கு விடுவது' என்றே சொல்கிறார்கள். ஆங்கிலச் சட்டச் சொல்லுக்குத் தமிழ்ப் பேச்சுவழக்கு கொடுத்த இந்தப் பொருள், சிகாகோ 'லீஸு'க்கு அதன் சொந்த மொழியைவிட நன்றாகவே பொருந்துகிறது. ஒரே ஒரு வேறுபாடு. ஒத்தியில் வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் மீளும். சிகாகோவுக்கு அந்த மீட்பு உரிமை இல்லை. பணம் இருந்தாலும் தன் விருப்பப்படி தெருவை மீட்டுக்கொள்ள முடியாது. மீட்பில்லாத ஒத்திக்கு எந்த ஊர்க் கிழவரும் கையெழுத்திட்டிருக்க மாட்டார்.

2009 பிப்ரவரியில் மீட்டர்கள் கைமாறின. மணிக்கு ஒரு கால் டாலர் நாணயத்துக்கென அமைந்த பழைய கருவிகளில் நான்கு நாணயங்கள் விழத் தொடங்கின. அவை நிரம்பி அடைத்துக்கொண்டன. காசு போட இடமில்லாத மீட்டரின் முன் நின்ற காருக்கும் அபராதச் சீட்டு எழுதப்பட்டது. சிலர் மீட்டர்களை உடைத்தனர், சிலர் புறக்கணிப்புக்கு அழைத்தனர். சில மாதங்களில் அட்டை வழிக் கட்டணம் ஏற்கும் புதிய பெட்டிகள் வந்து இந்தக் குழப்பம் அடங்கியது. புதிய கருவிகள் நன்றாகவே இயங்கின என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. சிகாகோ பார்க்கிங் மீட்டர்ஸ் தானே தெருவில் இறங்கவில்லை. மீட்டர்களைப் பராமரிக்கவும் காசு சேகரிக்கவும் லாஸ் பார்க்கிங் என்ற நிறுத்த மேலாண்மை நிறுவனத்தை அது பணிக்கு அமர்த்தியது. அதாவது தெருவை ஒத்திக்குப் பிடித்த முதலீட்டாளர், அதை நடத்துவதற்குக் கூலி முறையைத் தேர்ந்தார். நகரமே அந்த நிறுவனத்தையோ அதுபோன்ற வேறொன்றையோ நேரடியாக அமர்த்தியிருக்கலாம்; அதே கருவிகள், அதே கட்டண உயர்வு, அதே வேலை நடந்திருக்கும். இடையில் நின்றவர் கொண்டுவந்தது முன்பணம் ஒன்றே.

2009 ஜூனில் நகரின் தலைமை ஆய்வாளர் டேவிட் ஹாஃப்மன் வெளியிட்ட அறிக்கை இந்த இடத்தைத்தான் தொட்டது. அதே உயர்த்தப்பட்ட கட்டணத்துடன் நகரம் மீட்டர்களைத் தன்னிடமே வைத்திருந்தால், 75 ஆண்டு வருவாயின் அன்றைய மதிப்பு ஏறத்தாழ 213 கோடி டாலர். நகரம் 97 கோடி 40 லட்சத்தை இழந்தது என்பது அவர் கணக்கு. நிர்வாகம் இதை மறுத்தது. எதிர்கால வருவாயை இன்றைய மதிப்புக்குக் குறைக்க அவர் கொண்ட விகிதம் தவறு என்றது. தனியாரின் இடர்ப்பாட்டைக் கணக்கில் கொண்டால் கிடைத்த விலை நியாயமே என்றது. இந்தப் பூசலில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கட்டணத்தை எட்டு மடங்காக்கும் துணிவு எந்த மன்ற உறுப்பினருக்கும் இருந்திருக்காது. ஒப்பந்தம் அந்தப் பழியைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. தேர்தலில் வாக்குக் கேட்க வேண்டாத ஒருவரிடம் கட்டண உயர்வை ஒப்படைக்கும் வசதிக்கு நகரம் கொடுத்த விலை என்று அந்த 97 கோடியைப் பார்க்கலாம்.

முன்பணமும் நிலைக்கவில்லை. நீண்டகால வைப்பாக 40 கோடி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. மூன்று நிதிநிலை அறிக்கைகளின் பற்றாக்குறையை அடைத்ததில் மொத்தத் தொகையின் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

ஒப்பந்தத்தின் நுட்பமான பகுதி பணத்தைப் பற்றியது அன்று. கட்டணம், நேரம், எந்தத் தெருவில் மீட்டர் என்பனவற்றை முடிவுசெய்யும் அதிகாரம் நகரத்திடமே இருக்கிறது என்று அது கூறுகிறது. 'நகரத்துக்கென ஒதுக்கப்பட்ட அதிகாரங்கள்' என்றே அதற்குப் பெயர். அடுத்த விதி: அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதால் முதலீட்டாளரின் எதிர்பார்த்த வருவாய் குறைந்தால், குறைந்த அளவை நகரம் ஈடுசெய்ய வேண்டும். தெருத் திருவிழாவுக்காகச் சாலையை மூடினால் கணக்கு. குழாய் பதிக்கத் தோண்டினால் கணக்கு. மாற்றுத்திறனாளிகளின் இலவச நிறுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கணக்கு. மிதிவண்டித் தடத்துக்காக ஒரு வரிசை மீட்டரை அகற்ற வேண்டுமெனில், அதே அளவு வருவாய் தரும் இடத்தை வேறெங்கேனும் தேடித் தர வேண்டும், அல்லது பணம் தர வேண்டும். எழுவாயாக நகரம்தான் இருக்கிறது, வினைமுற்றும் 'தீர்மானிக்கும்' என்றுதான் இருக்கிறது. வாக்கியத்தின் பொருள் முழுவதும் அடுத்து வரும் நிபந்தனையில் தங்கிவிட்டது.

1937இன் நீதிபதிகளுக்கு இது வியப்பாக இருந்திருக்கும். தெருவை ஒழுங்குசெய்யும் அதிகாரத்தின் துணைக்கருவியாகத்தான் அவர்கள் மீட்டரை அனுமதித்தனர். இப்போது துணைக்கருவியின் வருவாயைக் காக்க அந்த அதிகாரமே விலை கொடுக்க வேண்டியதாயிற்று. ஒழுங்குமுறை அதிகாரத்தை நகரம் விற்க முடியாது என்று 2009இல் ஒரு வாக்காளர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. பல்லாண்டு இழுத்தபின் 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்க மறுத்தது. அதிகாரம் நகரத்திடமே உள்ளது என்ற அந்த ஒப்பந்த வரி அங்கே நன்கு பயன்பட்டது.

பிற நகரங்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்தன. பிட்ஸ்பர்க்கில் ஓய்வூதிய நிதிப் பற்றாக்குறையை அடைக்க மேயர் 50 ஆண்டுக் குத்தகையை முன்மொழிந்தார். 45 கோடி டாலரைத் தாண்டிய கேள்வித்தொகையும் வந்தது. 2010இல் மன்றம் நிராகரித்து, வாகன நிறுத்த வரி வருவாயை ஆண்டுதோறும் ஓய்வூதிய நிதிக்குத் திருப்பியது. அதே ஆண்டில் இண்டியானாபொலிஸ் 50 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. ஆனால் முன்பணத்தை 2 கோடி டாலராகச் சுருக்கிக்கொண்டு வசூலில் பங்கு கேட்டது, பத்தாண்டுக்கு ஒருமுறை விலகிக்கொள்ளும் வாசலையும் வைத்தது. ஒத்தியிலிருந்து வாரத்துக்குத் திரும்பிய நகரம் அது.

சிகாகோவில் அடுத்து வந்த மேயர் ரஹ்ம் இமானுவேல், சாலை மூடலுக்காக வந்த கோடிக்கணக்கான டாலர் கேட்புகளை எதிர்த்துப் பேசிக் குறைத்தார். 2013இல் மன்றம் ஏற்ற அந்த உடன்பாட்டின் ஒரு பகுதி, நகர மையத்துக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்தை மீண்டும் இலவசமாக்கியது. அதற்கு ஈடாகக் கட்டண நேரம் நீண்டது: பல பகுதிகளில் இரவு 9 மணி 10 ஆயிற்று, மையத்துக்கு வடக்கே உணவகங்கள் நிறைந்த பகுதியில் நள்ளிரவாயிற்று. போட்ட முதலைப் பத்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே முதலீட்டாளர்கள் வசூலித்துவிட்டனர்; 2022இல் ஆண்டு வருவாய் 14 கோடி டாலர் அளவில் நின்றது.

அந்த இலவச ஞாயிறும் எல்லாருக்கும் உகக்கவில்லை. நகரின் வடபகுதி வணிகத் தெருக்களில் சனி இரவு நிறுத்திய கார் திங்கள் காலைவரை நகரவில்லை. வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று கடைக்காரர்கள் முறையிட்டனர். அப்பகுதி மன்ற உறுப்பினர்கள் தாமே கேட்டு, அத்தெருக்களில் ஞாயிற்றுக் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தனர். 1935இல் ஓக்லஹோமா வணிகர்கள் சொன்ன அதே குறை. காசு சேருமிடம் மட்டும் வேறு.